பட்டாசுக் காயும் பிந்திய விரலும்

சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் சீடர் குருவை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார். கோவில்பட்டியில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

சீடரின் பெயர் இஞ்ஞாசிமுத்து. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். சுற்றுவட்டாரத்தில் அவர் எடுக்காத தாலிகட்டு இல்லை என்பார்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்த நொடியில் அவருடைய கேமரா 'டக்' என்று ஒருதரம் சத்தம் போடும். இரண்டாம்தரம் போடாது. போட வேண்டியிருக்காது.

அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பொத்தானை அமுக்கியதும் உள்ளே ஒரு கண்ணாடி மேலே எழும்பும். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஜன்னல் இருண்டுபோகும். அந்த இருட்டில்தான் படம் விழும். தொழிலுக்கு வந்த புதிதில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. தாலி ஏறும்போது ஜன்னல் இருட்டானால் படம் கிடைத்தது. முடிச்சு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் படம் போனது.

குருவின் பெயர் செண்பகவல்லி. சென்னைப் பக்கம் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே பழசாகி ஒதுக்கி வைத்த அதிவேகக் கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். கார் நொறுங்குவதைப் பார்த்த கேமரா, இப்போது அவர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் சொட்டுவதையும், தட்டான் எழும்புவதையும், தீக்குச்சி பற்றுவதையும் பார்த்தது. இமை மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற காரியம் அதில் ஆற அமர நடக்கும். யாருக்காகவும் அவர் அதைச் செய்யவில்லை. பிடித்திருந்தது, செய்தார். வந்தவர்களுக்குக் காட்டினார். கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, இஞ்ஞாசிமுத்து அந்த மாடிப்படி ஏறினார். தோளில் பழைய கேமராப் பை.

"நானும் இதைப் பழகலாம்னு வந்தேன் டீச்சர்."

"அண்ணாச்சிக்குத் தெரியாத கேமராவா?"

"இது தெரியாது."

"எதுக்குப் பழகணும்?"

"சும்மா, பொழுதுபோக்குத்தான்."

அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய விரல் பிந்த ஆரம்பித்திருந்தது. கண் பார்த்துவிடும், மனசு சொல்லிவிடும், வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் யோசிக்கும். கழுகுமலையில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை கயிற்றைக் கழுத்தில் சுற்றியது ஜன்னலில் தெரிந்தது. முடிச்சு விழுவதும் தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் 'டக்' என்றது. போட்ட முடிச்சை மறுபடி பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்த மணப்பெண் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

ஸ்டுடியோவை இப்போது தங்கை மகன் ஜெரால்டு பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன்தான்.

"மாமா, இனிமே மேடைக்கு நான் போறேன். நீங்க சொந்தக்காரங்களை வரிசையா நிறுத்துங்க. உங்க சத்தத்துக்குத்தான் கூட்டம் அடங்குது" என்றான்.

"ஏம்லே, எனக்கு எடுக்கத் தெரியாதா?"

"யாரு சொன்னா? இப்ப உள்ள கேமராவுல ஒரு அமுக்குக்கு இருபது படம் விழுது. விரலுக்கு வேலையே இல்ல மாமா."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இஞ்ஞாசிமுத்துவைச் சுட்டது.

இதையெல்லாம் அவர் மாடியில் சொல்லவில்லை. செண்பகவல்லியும் கேட்கவில்லை. ஒரு பலூனில் தண்ணீரை நிரப்பித் துணி காயப்போடும் கொடியில் கட்டினார். கேமராவை அதன் பக்கம் திருப்பினார். இஞ்ஞாசிமுத்துவின் கையில் ஓர் ஊக்கைக் கொடுத்தார்.

"குத்துங்க."

குத்தினார். சட்டையும் வேட்டியும் தொப்பலாக நனைந்தன.

"என்ன பாத்தீங்க?"

"என்னத்தப் பாத்தேன். பலூன் வெடிச்சுது, நான் நனைஞ்சேன்."

செண்பகவல்லி அவரை நிழலுக்குக் கூட்டிப்போய் லேப்டாப்பில் அதை ஓடவிட்டார். ஊக்கு மெதுவாக வந்து தொட்டது. தொட்ட இடத்தில் ரப்பர் கிழிந்து இரண்டு பக்கமும் உரிந்து ஓடியது. இப்போது பலூன் இல்லை. தண்ணீர் மட்டும் பலூனாகவே அந்தரத்தில் நின்றது. அதே உருண்டை, அதே காம்பு. மேலெல்லாம் மெல்லிய சுருக்கம், வெயில் பட்டு மினுங்கியது. அப்படியே நின்றது. பிறகுதான் கீழே விழ வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வந்த மாதிரி இருந்தது.

இஞ்ஞாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"தோலு போனது தண்ணிக்கு இன்னும் தெரியலையே டீச்சர்."

"தெரியும். அவசரப்படலை."

அவர் அதை மறுபடி ஓடவிடச் சொன்னார். பிறகு மறுபடியும். சட்டை உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

"உங்க போன்லயே மெதுவா ஓடுற வீடியோ எடுக்கலாம். அதுல ஆரம்பிங்க. வீட்டுல ஒழுகுற குழாய் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. வாஷர் மாத்தணும்."

"மாத்தாதீங்க."

பெரிய கேமராவையே கையாண்டவருக்குப் போனை நீட்டியதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சொட்டு தொங்குவதையும், கழுத்து மெலிவதையும், அறுந்து உருண்டையாவதையும் எடுத்தார். கீழே வாளித் தண்ணீரில் விழுந்த சொட்டு, சுற்றிலும் ஒரு கிரீடத்தை எழுப்பிவிட்டு உள்ளே போனது. போன இடத்திலிருந்து இன்னொரு குட்டிச் சொட்டு தலையைத் தூக்கி எட்டிப்பார்த்தது. இத்தனை வருஷம் அந்தக் குழாயைத் திட்டியிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த தடவை வரும்போது ஸ்டுடியோவிலிருந்து டியூப்லைட் இரண்டைக் கொண்டுவந்தார்.

"வெளிச்சம் நிறைய வேணும்னு சொன்னீங்கல்லா. இது போதுமா?"

செண்பகவல்லி ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, அந்த விளக்கையே படம் எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தார்கள். விளக்கு மங்கியது, எரிந்தது, மங்கியது, எரிந்தது. ஒரு நொடிகூட ஒரே மாதிரி நிற்கவில்லை.

"கெட்டுப்போச்சா?"

"புது விளக்குத்தான். எல்லா டியூப்லைட்டும் இப்படித்தான். நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை."

"இதை நம்பியா நான் இவ்வளவு நாளும் ஸ்டுடியோவுல ஆளை உக்கார வெச்சேன்?"

"ஆளு நல்லா விழுந்தாங்கல்லா?"

"விழுந்தாங்க."

"அப்ப அதைக் கோவிக்காதீங்க. இதுக்கு மட்டும் வெயில்ல வாங்க."

வெயிலுக்கு வந்தார். பின்னால் கறுப்புத் துணி கட்டினார். நடக்கப்போகும் இடத்தில் ஒரு தீக்குச்சியை நட்டு வைத்து, அதன் மருந்து துல்லியமாகத் தெரியும்வரை லென்ஸைக் கையால் திருகப் பழகினார். குச்சியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பார்க்க வேண்டிய பொருளை வைப்பார். இதிலெல்லாம் அவர் கை தேர்ந்த கை. செண்பகவல்லியே வியந்து பார்த்தார்.

மழைக்காலம் வந்தது. எதிர்த்த காலி மனையில் பட்டாசுக் காய்ச் செடி மண்டியது. ஊதாப் பூ பூக்கும். காய் முற்றிப் பழுப்பானதும் பறித்து, எச்சில் தொட்டு வைத்தால் பட்டென்று வெடித்து விதைகளை எறியும். பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது தெரியும். எப்போது வெடிக்கும் என்றுதான் யாருக்கும் தெரியாது.

"இதை எடுங்க அண்ணாச்சி. இப்ப பெரிய கேமராவுல" என்றார் செண்பகவல்லி.

இஞ்ஞாசிமுத்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணு வைக்க ஜன்னல் எங்க?"

"இதுல இல்ல."

"அப்ப எதைப் பாக்க?"

"காயைப் பாருங்க."

பிறகு நிதானமாகச் சொன்னார். "இது எப்பவும் பாத்துக்கிட்டேதான் இருக்கும். கடைசியாப் பாத்த நாலஞ்சு வினாடியை மட்டும் கையில வெச்சிருக்கும். புதுசு வர வரப் பழசை விட்டுரும். நீங்க பொத்தானை அமுக்கினா, போதும், கையில உள்ளதை விட்டுராதேன்னு அர்த்தம். அதனால காய் வெடிக்கட்டும். வெடிச்ச பிறகு அமுக்குங்க."

"வெடிச்ச பிறகா?"

"பிறகுதான்."

இஞ்ஞாசிமுத்து தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் ஸ்டுடியோவில் ஜெரால்டிடம் சொன்னார்.

"பட்டாசுக் காய் வெடிக்கதை எடுத்துட்டு வந்து காட்டுதேன். இந்த மழைக்குள்ள முடியலைன்னா, என் கேமராப் பையை உன் கையில கொடுத்துட்டு கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கப் போறேன். பிறகு கேமராவைத் தொட மாட்டேன்."

"எதுக்கு மாமா இப்படியெல்லாம்?"

"சொன்னது சொன்னதுதான்."

மறுநாள் முதல் காயை வைத்தார். தண்ணீர்ச் சொட்டை அதன்மேல் விட்டார். பொத்தானில் விரலை வைத்தார். காய் வெடிக்கப்போகிறது என்று மனசு சொன்னது. பிந்திவிடுவோம் என்ற பயமும் கூடவே வந்தது. அமுக்கினார். அமுக்கி முடித்த பிறகு காய் பட்டென்று வெடித்தது.

ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு காய். அதன்மேல் ஒரு சொட்டு. வேறொன்றும் இல்லை.

"முந்திட்டீங்க."

"சரியாத்தான் அமுக்கினேன் டீச்சர்."

"சரி."

அடுத்த காயிலும் முந்தினார். அதற்கடுத்ததிலும். தெரியாமல் இல்லை. பிறகுதான் அமுக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு உட்கார்வார். காயின் முனை லேசாக அசையும். அவ்வளவுதான், விரல் இறங்கிவிடும். எத்தனையோ வருஷம் மேளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் இறங்கிப் பழகிய விரல் அது. கழுகுமலைக்குப் பிறகு இன்னும் முன்னால் இறங்கப் பழக்கியிருந்தார்.

வெடிக்கப்போகும் காய்களாகவே லேப்டாப்பில் சேர்ந்துகொண்டிருந்தன. செண்பகவல்லி ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தார். சொட்டு காயின் நடுக்கோட்டில் இறங்கி, கோடு மெல்லக் கறுத்து, உள்ளே ஏதோ புரண்டு படுப்பதுபோல் தோல் இறுகியது.

"எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

"கிண்டல் பண்ணுதீங்களா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. நான் வெடிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டு முன்னால உள்ளதை வெட்டி எறிஞ்சிருவேன். இதை நான் பாத்ததே இல்ல."

அவருக்கு அந்தப் பாராட்டு இறங்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு நாள், காலி மனையில் ஆட்டு மந்தை ஒன்று புகுந்தது. செடிகள் மிதிபட்டு மண்ணோடு மண்ணாயின. பொறுக்கி வந்ததில் முற்றிய காய் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இஞ்ஞாசிமுத்து மாடி ஏறினார்.

"ஆட்டுக்காரனுக்கும் ஜெரால்டுக்கும் ஏதோ உடன்படிக்கை போல" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

தீக்குச்சியை நட்டார். லென்ஸைத் திருகினார். குச்சியை எடுத்துவிட்டுக் காயை வைத்தார். சொட்டை விட்டார். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. கொடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, போனது. காய் அசையவில்லை. இன்னொரு சொட்டு விடலாமா என்று யோசித்தார். விரல் விறைத்துவிட்டது. காயையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதன் பழுப்புத் தோலில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருப்பதைக் கண்டார். பழைய காய் எதிலும் இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தார்.

பட்.

இரண்டாகப் பிளந்தது. ஒரு விதை அவர் கன்னத்தில் அடித்தது. இன்னொன்று கறுப்புத் துணியில் பட்டுத் தரையில் உருண்டது. அவர் அந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானில் இருந்த விரல் ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்தபோது, "போச்சு" என்றார்.

"அமுக்குங்க" என்றார் செண்பகவல்லி.

அமுக்கினார்.

நிழலில் உட்கார்ந்து ஓடவிட்டார்கள். வெள்ளைப் புள்ளியுள்ள காய். நடுக்கோடு கறுத்தது. முனையில் ஒளி நுழையும் அளவுக்கு ஒரு கீறல். கீறல் கீழ்வரை ஓடியது. காய் இரு கைகளை விரிப்பதுபோல் விரிந்து கொடுத்தது. உள்ளே இருந்த விதைகள் வரிசை கலையாமல் கிளம்பின. தட்டையான வட்ட விதைகள். ஒவ்வொன்றும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஒன்றை ஒன்று இடிக்காமல், காசு சுண்டிவிட்டது போல் வெயிலில் மினுங்கிப் போயின. அவர் கன்னத்தில் அடித்த விதை லென்ஸின் ஓரத்தைக் கடந்தபோது, அதன் விளிம்பில் ஈரம் ஒரு பொடி மணியாக ஒட்டியிருந்தது தெரிந்தது.

செண்பகவல்லி மறுபடி ஓடவிட்டார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கொண்டுபோய்க் காட்டுங்க அண்ணாச்சி. ஜெரால்டு அசந்துருவான்."

"காட்டுவேன். ஆனா இது நான் எடுத்தது இல்ல டீச்சர்."

"பின்ன யாரு எடுத்தா?"

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த விரலு செத்துப்போச்சு. பிந்துது. உங்ககிட்ட மறைச்சுட்டேன். கழுகுமலையில ஒரு பொண்ணுக்குத் தாலி ஏறும்போது பிந்திட்டேன். முடிச்சு விழுறதை என் கண்ணாலயே பாத்தேன். எங்க தொழில்ல அதைவிடக் கேவலம் இல்ல. அதுக்குப் பயந்துதான் இங்க எல்லாக் காயிலயும் முந்தினேன். இன்னைக்கும் பிந்தித்தான் போனேன். இந்தக் கேமரா பிந்தினவனையும் சேத்துக்குது. அவ்வளவுதான்."

செண்பகவல்லி கேமராவின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க" என்றார் இஞ்ஞாசிமுத்து. "சொன்ன சொல்லுப்படி பாத்தா இந்தப் பை என்கிட்டத்தான் நிக்கணும். நெஞ்சு ஒத்துக்கிட மாட்டேங்குது. ஜெரால்டுகிட்டக் கொடுத்துரவா, நானே வெச்சுக்கிடவா?"

செண்பகவல்லி வயரைச் சுருட்டி முடித்துத் தரையில் வைத்தார்.

"கழுகுமலையில அந்தப் பொண்ணுக்குத் தாலி எப்படி ஏறுச்சு?"

"படம்தான் இல்லையே டீச்சர்."

"நான் படத்தைக் கேக்கலை."

இஞ்ஞாசிமுத்து கண்ணை மூடினார்.

"கயித்துல மஞ்சள் காயலை, மாப்பிள்ளை விரல்ல ஒட்டுது. பொண்ணு ஜடையை யாரோ பின்னால தூக்கிப் பிடிச்சிருக்காங்க. முடிச்சுப் போடப் போகும்போது கழுத்துல ஒரு ஒத்த முடி கயித்துக்குள்ள சிக்கிக்கிச்சு. இழுத்தா அதுக்கு வலிக்கும். அவன் அதைப் பாத்துட்டான். மேளம் காதைப் பொளக்குது, தலையில அட்சதை விழுது, எல்லாரும் கட்டு கட்டுங்காங்க. அவன் கட்டலை. அந்த முடியை ரெண்டு விரலால எடுத்து மெதுவா வெளிய விட்டான். அதுக்குப் பிறகுதான் முடிச்சைப் போட்டான். பொண்ணு தலையைக் குனிஞ்சிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சுட்டு. சிரிச்சா, டீச்சர். குனிஞ்ச வாக்குலயே சிரிச்சா."

கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

செண்பகவல்லி கேட்டார்:

"மத்த கல்யாணங்கள்ல எப்படி ஏறுச்சு அண்ணாச்சி?"

சொல்ல வாயெடுத்தார் இஞ்ஞாசிமுத்து. ஒரு கல்யாணமும் கண்முன் வரவில்லை; ஜன்னலின் இருட்டுத்தான் வந்தது.